அவளைக் கேட்காமல் ஒரு பதில்

சின்னவள் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டுப் படுத்தாள் என்பதோடு போன வாரம் விட்டிருந்தோம். பெட்டி இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. அதை அவிழ்க்க வைக்கப் பார்த்தது யார் என்று தெரிந்தால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். எனக்கு எழுதும்போதே வருகிறது.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. சின்னவள் இயந்திரவியல் படித்தவள். கல்லூரி முடிந்த கையோடு கடல் கடந்து வந்து, லிஃப்ட் பொருத்தும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவள். ஜாகை அக்கா வீட்டில். வாஷிங் மெஷினும் இஸ்திரிப் பலகையும் இருந்த சின்ன அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, 'இது உன் ரூம்' என்று அக்கா கொடுத்தாள். மெஷின் ஓடினால் கட்டிலும் சேர்ந்து ஆடும். அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அக்காவின் கைக்குழந்தையைச் சாயங்காலம் கிரெஷிலிருந்து தூக்கி வருவதும் சின்னவளின் வேலையாக ஆகிப்போனது. யாரும் கேட்டு ஆனதில்லை. ஒரு நாள் செய்தாள், மறுநாளும் செய்தாள், அப்புறம் அவள் தலையிலேயே விழுந்துவிட்டது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியில் இருப்பவர்கள் ஒரு கட்டடத்திலாவது, முதல் கம்பிவடத்தை இழுப்பதிலிருந்து லிஃப்டை ஒப்படைப்பது வரை கூடவே இருந்து வேலை பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் நிரந்தரம் பண்ணுவார்கள். இல்லாவிட்டால் விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. நோயாளியைப் படுக்கையோடு ஏற்றுகிற பெரிய லிஃப்டுகள், மூன்று மாத வேலை. அது உனக்குத்தான் என்று மேலாளர் தன் வாயால் சொல்லியிருந்தார். அதை விட்டால் இந்த வருஷம் வேறு கட்டடமே கிடையாது.

மேலாளரும் நம்ம ஆள்தான், தமிழர். அக்கா வீடு இருக்கும் அதே அடுக்ககத்தில் இரண்டு மாடி மேலே குடியிருக்கிறார். 'அவர் இருக்கார், பயமில்லை' என்று ஊரில் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பயப்பட வேண்டியது எதற்கு என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

இனி, அந்த நாள்.

* * *

காலையில் ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் சோதனை மேடையைச் சுற்றி நின்றார்கள். மேலாளர் கையில் காபிக் கோப்பையோடு வந்தார். அன்றைய வேலைகளை வரிசையாகச் சொன்னார். கடைசியில், மறந்துபோனதைச் சொல்வதுபோல, "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி சைட்டுக்கு வண்டி கிளம்புது. நெட்டை, நீ ரெடியா இரு" என்றார்.

நெட்டை என்பது சின்னவளுக்கு முன்பே சேர்ந்து எப்போதோ நிரந்தரமாகிவிட்ட ஒரு சீனியர். லிஃப்ட் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு லிஃப்டிலும் குனிந்து நுழைகிற ஆள். அவன் ஒருமுறை மேலாளரைப் பார்த்தான், ஒருமுறை சின்னவளைப் பார்த்தான்.

சின்னவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி லிஃப்டில் முக்கியமான சங்கதி ஒன்றே ஒன்றுதான். கதவு திறக்கும்போது லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கி நின்றாலும் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் தட்டும். தட்டினால் வலிப்பது அதன்மேல் படுத்திருக்கிறவனுக்கு. அந்த மட்டத்தைச் சரிபண்ணுவதற்குத்தான் சின்னவள் வாரக்கணக்காகச் சோதனை மேடையில் பழகினாள். பாரம் ஏற்றுவாள், இறக்குவாள், குனிந்து பார்ப்பாள், மறுபடி ஏற்றுவாள். முழங்காலில் கிரீஸ் கறை போகாமல் இரண்டு பேண்ட் வீணாயிற்று. இவ்வளவும் யாரோ ஒருவர் குனிந்து நுழைவதற்காகவா?

மேலாளரின் பின்னாலேயே அவருடைய கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், ஆஸ்பத்திரி சைட் எனக்குன்னு சொல்லியிருந்தீங்க."

"சொன்னேன்ம்மா. உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"வீட்டுல சொன்னாங்க. மூணு மாசம் வெளியூர்ல தனியா இருக்கணும், அவங்களுக்கு மனசு கேட்கலை. எனக்கும் தங்கச்சி இருக்காம்மா. புரியாதா?"

"வீட்டுல யாரு சார்?"

"அதை விடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

"நான் சொன்னேனா சார், போகலைன்னு?"

"நீ சின்னப் பொண்ணு. போறேன்னுதான் சொல்லுவ." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த திருப்திதான் சின்னவளை உச்சந்தலை வரை சுட்டது. ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைத்துவிட்டு, பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார் மனுஷர்.

"சார், என்னை வேலைக்கு எடுக்கும்போது என்னைத்தானே கேட்டீங்க. பிரேக் எப்படிப் பிடிக்கும், எதிர் எடை எவ்வளவு வைக்கணும்னு ஒரு மணி நேரம் கேட்டீங்க. அப்போ வீட்டுல யாரையும் கேட்கலையே."

"குதர்க்கமாப் பேசாதேம்மா."

"நெட்டையண்ணன் வீட்டுல கேட்டீங்களா?"

மேலாளருக்கு நிஜமாகவே கேள்வி விளங்கவில்லை. "அவன் வீட்டுல எதுக்குக் கேட்கணும்?"

"அதான் சார் நானும் கேட்கறேன். என் வீட்டுல மட்டும் எதுக்கு? நீங்க எனக்கு மேனேஜரா, இல்லை மாமாவா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மேலாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. "போய் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

* * *

நெட்டை பாரச் சோதனைக்கான இரும்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் எதிரில் போய் நின்றதும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்மேல கோவப்படாதே. நான் கேட்டு வாங்கலை."

"தெரியும்ண்ணே."

"என் பொண்டாட்டிக்கு இந்த மாசம்தான் நாள். இந்த ஊர்ல அவளுக்கு என்னை விட்டா யாரும் கிடையாது. அவ அம்மாவுக்கு விசா கிடைக்கலை."

"சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. பிரசவத்துல நீ என்னடா பண்ணப் போறேன்னு கேட்டார். பக்கத்து வீட்டுல யாராவது லேடீஸ் இருப்பாங்க, பார்த்துப்பாங்கங்கறார்." நெட்டை ஒரு கட்டியைத் தூக்கி, வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தான். "ஆம்பளைன்னா வீடே கிடையாதுன்னு நெனச்சுட்டார் போல."

சின்னவளுக்கு இதைக் கேட்டதும் கோபம் இரட்டித்தது. போக வேண்டியவளை வீட்டைக் காட்டி நிறுத்துகிறார்கள். நிற்க வேண்டியவனை வீடே இல்லாதவனாக ஆக்கி அனுப்புகிறார்கள். இரண்டையும் பண்ணினது ஒரே மனுஷர், ஒரே காபிக் கோப்பையோடு, ஒரே காலையில்.

"உன் வீட்டுல பேசினவங்க மாத்திச் சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நான் விட்டுத் தரேன்" என்றான் நெட்டை. "ஆனா யார் பேசினாங்கன்னு உனக்கே தெரியலையே."

"தெரியும்" என்றாள் சின்னவள். தெரியும் என்றுதான் நினைத்தாள்.

வேறு யாராக இருக்கும்? வார விடுமுறைதோறும் மேலாளரோடு பேட்மிண்டன் ஆடுவது அக்காவின் வீட்டுக்காரர், அத்தான். நாலைந்து நாளைக்கு முன் சாப்பிடும்போது, 'ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியில இருக்கும். நல்லா யோசிச்சுக்கோ' என்று சொன்னதும் அத்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மாடிப்படியில் நின்று அவருக்குப் போன் போட்டாள். அவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறார்.

"அத்தான், எங்க சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எப்போ?"

"பேட்மிண்டன் ஆடும்போது."

"கோட்டுக்கு வெளியே விழுந்துச்சுன்னு சொன்னேன். அவர் இல்லவே இல்லைன்னு சாதிச்சார். ஏன்?"

"விளையாடாதீங்க அத்தான். உங்க வீட்டுல ஒரு ரூம்ல இருக்கேங்கறதுக்காக என் வேலையும் உங்க கையிலயா? நான் போகக்கூடாதுன்னா என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே. முதுகுக்குப் பின்னாடி எதுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. எனக்கு எதுவுமே தெரியாது."

"பொய் சொல்லாதீங்க."

அவள் வைத்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையை இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் ஊருக்கு வந்தால் அப்பாவே எழுந்து நாற்காலியை நகர்த்திப் போடுவார். ஆனாலும் கேட்டதற்காக அவள் வருத்தப்படவில்லை.

* * *

சாயங்காலம் வழக்கம்போலக் கிரெஷுக்குப் போனாள். எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் குழந்தை என்ன பாவம் பண்ணியது?

கிரெஷ் நடத்துகிற பெண்மணி வேறு பாஷைக்காரி. பாதிப் பேச்சு, பாதி கைஜாடை என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. குழந்தையைக் கொடுத்துவிட்டு அவள் சந்தோஷமாக ஏதோ சொன்னாள். புரிந்துகொள்ளச் சின்னவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீ வெளியூர் வேலைக்குப் போகவில்லையாமே, நல்லதாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து உன் பெயரைத்தான் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், தினமும் நீயே வந்துவிடுவாயாம். குழந்தைக்கும் உன்னைத்தான் நன்றாகப் பழக்கம்.

"யார் சொன்னது?"

குழந்தையின் அம்மா, என்றாள் அந்தப் பெண்மணி. நேற்று முன்தினம்.

நேற்று முன்தினம். மேலாளர் இன்றைக்குக் காலையில்தான் வாயைத் திறந்தார். அப்படியென்றால் அக்காவுக்கு முன்னாலேயே தெரியும்.

சின்னவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். குழந்தை அவள் காதோரத்து முடியைப் பிடித்து இழுத்தது. மற்ற நாளாக இருந்தால் செல்லமாகத் திட்டியிருப்பாள். இன்றைக்கு வலித்ததுகூடத் தெரியவில்லை. அத்தான்மேல் கோபம் வந்தபோது கத்த முடிந்தது. இந்தக் கோபத்துக்குக் கத்தல் வரவில்லை. சின்ன வயதில் தனக்கு வந்த பென்சிலில் பாதியை உடைத்துக் கொடுத்த அக்கா. அவளா?

அடுக்ககத்து லிஃப்ட் வந்தது. நாலாவது மாடி தாண்டும்போது எப்போதும் ஒரு முனகல் கேட்கும். சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று அவள் பலமுறை காவலாளியிடம் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் முனகியது. அவளுக்கு அதையும் ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது.

* * *

அக்கா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா மருந்தாளர். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றில் குழந்தையோடு மறுபடி முதலிலிருந்து படித்து, பரீட்சை எழுதி ஜெயித்தவள். இப்போதுதான் ஒரு மருந்துக் கடையில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை பகலில் போய்ப் பழகிக்கொண்டிருந்தாள், அடுத்த மாதம் முதல் சாயங்கால ஷிப்ட்.

"அக்கா, எங்க சார்கிட்ட பேசினது நீயா?"

அக்கா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"நான்தான்."

மறுப்பாள், சமாளிப்பாள், அதைப் பிடித்துக்கொண்டு நாலு கேட்கலாம் என்று சின்னவள் நினைத்திருந்தாள். இப்படி ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டால் என்ன செய்வது?

"எப்போ?"

"முந்தாநாள் குப்பை போடப் போனப்போ லிஃப்ட்ல வந்தார். உங்க தங்கச்சி சைட்டுக்குக் கிளம்பறா, சந்தோஷம்தானேன்னு கேட்டார். எங்களுக்கு அவ்வளவா இஷ்டமில்லை சார்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். லிஃப்ட் கம்பெனிக்காரியின் தலையெழுத்தை, தேய்ந்த சக்கரம் முனகுகிற ஒரு லிஃப்டில், கையில் குப்பைப் பையோடு முடிவு பண்ணியிருக்கிறார்கள். அவள் அப்போது எங்கே இருந்தாள்? ஒர்க்‌ஷாப்பில் குனிந்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குன்னா யாருக்கு?"

அக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா நீ போறேன்னுதான் சொல்லியிருப்ப."

"அப்போ போறேன்னுதான் அர்த்தம். அது என் பதில். அதை நீ எப்படி மாத்திச் சொல்லலாம்?"

அக்கா துணியைக் கீழே போட்டாள். இதுவரை அடக்கிவைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. "நான் என்னடி பண்றது? கடை மூடறதுக்கு ராத்திரி ஆயிடும். கிரெஷை சாயங்காலமே பூட்டிடறாங்க. இவளை யார் தூக்கிட்டு வர்றது? அடுத்த மாசம் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு கடையில சொல்லிட்டாங்க. படிச்சு முடிச்சு இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உனக்கு வயசிருக்கு, அடுத்த வருஷம் போயிக்கலாம். எனக்கு இதை விட்டா கிடையாது."

"எனக்கும் கிடையாது. இந்த சைட் இல்லைன்னா விசா இல்லை. உன்கிட்ட சொன்னேனே."

"அது எப்பவோ வர்ற விஷயம்னு நெனச்சேன்."

"வருஷக் கடைசியில வருது. என்னை ஊருக்கு அனுப்பிட்டா, அப்புறம் குழந்தையை யார் தூக்கிட்டு வருவா?"

அக்காவுக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை. இரண்டு பேர் பிழைப்பும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்க, யாராவது ஒருத்தி விலகித்தான் ஆகவேண்டும் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். சின்னவள் ஊருக்கே திரும்பிப் போனால் தனக்கும் லாபமில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார். தோளில் பேட்மிண்டன் மட்டைப் பை. ஆபீஸ் முடிந்து, ஆட்டத்துக்குப் போகிற வழியில் சட்டை மாற்ற வந்திருக்கிறார். முகம் உப்பியிருந்தது.

"உன் தங்கச்சி மத்தியானம் என்னைப் பொய் சொல்றேன்னு சொன்னா. கேளு அவளை."

"மன்னிச்சுக்கோங்க அத்தான்" என்றாள் சின்னவள். "நீங்க சொல்லலை. அக்காதான் சொல்லியிருக்கா. உங்களைத் திட்டினது என் தப்பு."

அத்தானின் முகம் தெளிந்தது. பையை இறக்கி வைத்து, நிதானமாக உட்கார்ந்தார். நியாயம் கிடைத்துவிட்ட மனுஷனின் பெருந்தன்மை வந்துவிட்டது. "பரவாயில்லைம்மா. என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல நான் எதுலயுமே தலையிடறதில்லை."

சின்னவள் அவரையே பார்த்தாள். பிறகு மட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம்.

"ஏன் அத்தான் தலையிடறதில்லை?"

"என்ன?"

"உங்க ஆபீஸ் முடிஞ்சு நீங்க வந்தாச்சு. கிரெஷ் மூடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. தினமும் இதே நேரத்துக்குத்தான் வர்றீங்க. நான் ஒர்க்‌ஷாப்லேருந்து ரெண்டு பஸ் மாறி ஓடி வந்து குழந்தையைத் தூக்கறேன். நீங்க போய்த் தூக்கிட்டு வந்தா என்ன?"

"அவரா?" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னதுபோல இருந்தது அந்த 'அவரா'. சொன்ன அக்காவுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தானைக் கேட்டியா அக்கா? ஒரு தடவையாவது கேட்டியா?"

"இல்லை."

"ஏன்?"

அக்கா கேள்வியைத் தனக்குள்ளேயே கேட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "கேட்கணும்னு தோணவே இல்லைடி" என்றாள் கடைசியில். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "உன் வேலையைக் கெடுக்கலாம்னு தோணிச்சு. என் வேலையை விட்டுடலாமான்னுகூடத் தோணிச்சு. இவரைக் கேட்கலாம்னு மட்டும் தோணலை."

"என்னை யாரும் கேட்கலையே" என்றார் அத்தான். தன் பக்கம் தப்பில்லை என்பதற்காகத்தான் சொன்னார்.

"இப்போ கேட்கறேன்" என்றாள் அக்கா.

அத்தான் எதிர்பார்க்கவில்லை. "இல்லை, பார்க்கலாம்... எனக்கு சாயங்காலம் ஆட்டம் இருக்கு. ஆபீஸ்ல திடீர்னு வேலை வந்துட்டா? குழந்தை என்கிட்ட இருக்குமா, அதையும் யோசிக்கணும். நம்ம வீட்டுல அப்படிப் பழக்கமில்லையே..."

சின்னவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். தங்கையின் தோளிலிருந்து குழந்தையை வாங்கி, அத்தானின் மடியில் வைத்தாள். "பிடிங்க" என்றாள். அவர் பிடித்தார். குழந்தை விழுந்துவிடுமே, பிடிக்காமல் என்ன செய்வார்?

"வாடி" என்று சின்னவளின் கையைப் பற்றிக்கொண்டு அக்கா வெளியே நடந்தாள்.

"எங்கே?"

"மேல. நான் சொன்னதை நான்தானே திருப்பிச் சொல்லணும்."

* * *

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார்கள். ஏறும்போதே சின்னவள் நெட்டைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

மேலாளரே கதவைத் திறந்தார். வீட்டு உடுப்பில், கையில் டி.வி. ரிமோட்டோடு. பின்னால் அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சார், அன்னைக்கு லிஃப்ட்ல நான் சொன்னது தப்பு" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "என் தங்கச்சி விஷயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குப் பதில் சொல்ற உரிமை கிடையாது. அவளையே கேளுங்க."

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் நின்றுபோன சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது. "சரிம்மா. பதட்டப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

கேட்டீர்களா அநியாயத்தை. சொல்ல வேண்டியவள் கண்ணெதிரில் நிற்கிறாள். மாற்றிச் சொன்னவளே வந்து திருத்திச் சொல்லியாயிற்று. இவருக்கு இன்னும் ஒரு ஆம்பளை வாயிலிருந்து வர வேண்டுமாம்.

"சார்" என்றாள் சின்னவள். "அத்தானைக் கேட்க வேண்டியது குழந்தையைப் பார்த்துக்கறதுக்கு. அதை எங்கக்கா கேட்டாச்சு. சைட்டுக்குப் போறதுக்கு என்னைக் கேளுங்க. இன்னைக்குக் காலையிலேருந்து நீங்க ஒரு தடவைகூட என்னைக் கேட்கலை."

மேலாளர் ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கேளுங்களேன்" என்றாள் அவர் மனைவி, பின்னாலிருந்து. "என்ன குறைஞ்சு போயிடும்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போறியாம்மா?"

"போறேன் சார்."

"நெட்டை பேரை மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. அவன் காலையில வண்டிகிட்ட வந்து, எனக்கு வேணாம், அவ போகட்டும்னு தன் வாயால சொல்லட்டும். சொன்னா நீ ஏறிக்கோ. சொல்லலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சொல்லுவார் சார்" என்றாள் சின்னவள். கைக்குள், நெட்டைக்கு மூன்றாவது தடவையாகப் போட்ட போனும் அவன் எடுக்காமலே அடித்து ஓய்ந்தது. மாசம் நெருங்கிய மனைவியை வைத்துக்கொண்டிருக்கிறவன் எதற்குப் போனை எடுக்காமல் இருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், காலையில் வண்டிகிட்ட வந்து யார் சொல்வது?

அந்த நேரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே அத்தான். ஒரு கையில் குழந்தை, தோளில் மட்டைப் பை. குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலாளரையும் அவர் மனைவியையும் பார்த்ததும் அத்தான் கொஞ்சம் கூச்சப்பட்டார். ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டார்.

"இல்லை, அடுத்த மாசத்துலேருந்து நானே போறதா இருந்தா... அந்தக் கிரெஷ் எந்தத் தெருவுல இருக்கு?"

குழந்தை அங்கே போக ஆரம்பித்து வெகுநாளாகிறது. வீட்டிலிருந்து பார்த்தால் அடுத்த தெரு.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலாளரின் மனைவி முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

சின்னவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "வாங்க அத்தான், காட்டறேன்" என்று லிஃப்டுக்குள் ஏறினாள். "பையை இங்கேயே வெச்சுட்டு வாங்க."